இனிமை என்னும் தவறான பாராட்டு

டைனாகோ ஸ்டீரியோ 70 என்ற வால்வு ஆம்பிளிஃபயர் 1959இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஃபிலடெல்ஃபியாவில் டேவிட் ஹாஃப்லர் நடத்திய நிறுவனம் அதை உதிரிகளாகப் பெட்டியில் போட்டு 99.95 டாலருக்குக் கொடுத்தது. வாங்கியவர் கையேட்டைப் பக்கத்தில் விரித்துவைத்து, ஒவ்வொரு கம்பியாக ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொள்ள வேண்டும். சேனலுக்கு 35 வாட். எழுபதுகளின் பிற்பகுதி வரை மூன்று லட்சத்துக்கும் மேல் விற்ற இந்தப் பெட்டிகளில் பல இன்றும் பரணிலிருந்து இறக்கப்பட்டு, பழுது பார்க்கப்பட்டு, வீடுகளில் பாடிக்கொண்டிருக்கின்றன. மராண்ட்ஸ், மெக்கின்டாஷ் என்று சேகரிப்பாளர்கள் போட்டி போட்டு விலை ஏற்றும் பெயர்கள் வேறு உண்டு. ஆனால் ஸ்டீரியோ 70 சாதாரண ஆளுக்காகச் செய்யப்பட்டது; அதன் மின்சுற்று ஊரறிந்தது. பழைய வால்வு ஆம்பிளிஃபயர் என்ற வகையையே எடைபோட இதைவிடத் தோதான ஒன்று கிடைக்காது.

இந்த வகையைப் பற்றிய பேச்சு இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு கட்சிக்கு வால்வு ஒலி என்றால் இனிமை, கதகதப்பு, உயிர். டிரான்சிஸ்டர் வந்து அதையெல்லாம் கெடுத்துவிட்டது. மறு கட்சிக்கு இதெல்லாம் வெறும் சிதைவு, பழமை மோகம், பணக்கொழுப்பு. இரண்டு கட்சியும் அளவுகோலைச் சொல்லாமலேயே தீர்ப்பை எழுதிவிடுகின்றன. எனக்குத் தெரிந்து நியாயமான அளவுகோல் ஒன்றுதான்: இவற்றைச் செய்தவர்கள் எதற்காகச் செய்தார்கள்?

அந்தக் கேள்விக்கு வரலாறு ஐயமில்லாமல் பதில் சொல்கிறது. 1947இல் பிரிட்டனின் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் டி.டி.என். வில்லியம்சன் வெளியிட்ட ஆம்பிளிஃபயர் வடிவமைப்பு, 15 வாட்டில் 0.1 சதவீதத்துக்கும் குறைவான சிதைவை இலக்காக வைத்தது. 1951இல் ஹாஃப்லரும் ஹெர்பர்ட் கீரோஸும் ‘அல்ட்ரா லீனியர்’ முறையைப் பரப்பினார்கள். வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரின் சுற்றில் ஓரிடத்தில் இணைப்பு எடுத்து வால்வின் திரைக் கம்பிவலைக்குக் கொடுப்பது அதன் சூட்சுமம். பென்டோட் வகை வால்வின் சக்தியும் ட்ரையோட் வகைக்கு நெருக்கமான தூய்மையும் ஒருசேரக் கிடைக்கும். ஆலன் புளூம்லைன் இதற்கு 1937இலேயே காப்புரிமை எடுத்திருந்தார். 1953இல் வந்த குவாட் II ஆம்பிளிஃபயரின் பீட்டர் வாக்கரும் ஒலிப்பதிவில் இருப்பதோடு எதையும் சேர்க்காத, எதையும் கழிக்காத கருவியைத்தான் தேடினார். இவர்கள் ஒருவருக்கும் தம் கருவிக்கென்று தனிக் குரல் இருக்க வேண்டும் என்ற ஆசை இருந்ததில்லை. ஆக, ஸ்டீரியோ 70ஐக் கேட்டு ‘என்ன இனிமை!’ என்று உருகுபவர், செய்தவர் ஒழிக்க நினைத்த ஒன்றைத்தான் பாராட்டுகிறார். அந்தப் பாராட்டு உண்மையா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: புதுப்பித்த பெட்டியில் நாம் கேட்பது எதை?

அடித்தகட்டைக் கழற்றினால் காலம் கடித்தது எங்கே என்பது தெரிந்துவிடும். முதலில் பார்க்க வேண்டியது 0.1 மைக்ரோஃபாரட் இணைப்புக் கண்டன்சர்கள். முந்தைய கட்டத்தின் உயர் மின்னழுத்தத்தைத் தடுத்து, இசையை மட்டும் இஎல்34 என்ற வெளியீட்டு வால்வின் கிரிட்டுக்கு அனுப்புவது அவற்றின் வேலை. கிரிட் முப்பது சொச்சம் வோல்ட் மைனஸில் இருந்தால்தான் வால்வு அடக்கத்தில் இருக்கும். அறுபது வயதான காகிதக் கண்டன்சர் கசியும்போது அந்த மைனஸ் குறைகிறது. வால்வு கட்டுப்பாடின்றி மின்சாரம் இழுக்கிறது. உள்ளே தகடு சிவக்கிறது. அப்படியே விட்டால் வால்வோடு வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரும் போய்விடும். கண்டன்சரின் கிரிட் பக்கத்து முனையை மட்டும் கழற்றி, கருவியை ஓடவிட்டு மீட்டரை வைத்தால் கிட்டத்தட்டப் பூஜ்யம் காட்ட வேண்டும். சில வோல்ட் காட்டினாலே அதன் கதை முடிந்தது. நானூறு வோல்ட்டுக்கு மேல் ஓடும் பெட்டி இது. அணைத்த பிறகும் கண்டன்சரில் மின்சாரம் தங்கும் என்பதால் பழக்கமில்லாத கை உள்ளே போகக் கூடாது.

அடுத்து, கிரிட்டுக்கு அந்த மைனஸைத் தரும் பயாஸ் மின்சாரத்துக்கான செலினியம் ரெக்டிஃபயர். வயதாக வயதாக அது தளர்ந்து, அதே விபத்துக்கு வேறு வழியில் கதவு திறக்கும். அப்புறம், ஒரே தகர உருளைக்குள் நான்கு பகுதிகளாக அமைந்த மின்பகுளிக் கண்டன்சர். அது காய்ந்துபோனால் ஸ்பீக்கரில் ‘உம்’மென்ற இரைச்சல் ஏறும். கடைசியாக, 7199 டிரைவர் வால்வுகள் இரண்டையும் சுமக்கும் பழுப்புநிற சர்க்யூட் போர்டு. வால்வுச் சூட்டில் பல ஆண்டுகள் வெந்து, சாக்கெட்டைச் சுற்றிக் கருகிப் போயிருக்கும். 7199 இப்போது அரிது. எனவே பலர் போர்டையே தூக்கிவிட்டு வேறு வால்வுகளில் ஓடும் புதிய போர்டைப் போடுகிறார்கள். அப்படிச் செய்த பிறகு அது ஸ்டீரியோ 70இன் மின்சுற்றே இல்லை.

இவ்வளவும் மாற்றியான பிறகு 1959இலிருந்து மிஞ்சுவது இரும்புச் சட்டமும் டிரான்ஸ்ஃபார்மர்களும்தான். விளம்பரங்கள் சொல்லும் ‘அசல் அந்தக்காலத்து ஒலி’ இங்கேதான் மாட்டிக்கொள்கிறது. கண்டன்சரும் வால்வும் ஒலியை மாற்றும் என்றால், எல்லாம் மாற்றப்பட்ட பெட்டி அந்தக்காலத்து ஒலியைத் தர முடியாது. அவை ஒலியை மாற்றாது என்றால், எண்ணெயில் ஊறிய விலையுயர்ந்த கண்டன்சருக்கும் பழைய இருப்பு வால்வுக்கும் கொட்டிக்கொடுத்த பணம் வீண். விற்பவர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார். வாங்குபவர் இரண்டையும் நம்புகிறார்.

இதில் பெட்டிக்குச் சாதகமான ஒரு உண்மையும் இருக்கிறது. மிஞ்சியிருக்கும் அந்த டிரான்ஸ்ஃபார்மர்தான் வால்வு ஆம்பிளிஃபயரின் உயிர்நிலை. அடித்தள ஒலியில் இரும்பு திணறாமல் இருக்க வேண்டும். உச்ச ஒலி சுற்றுகளுக்கிடையே கரைந்துவிடாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே சுற்றை அடுக்கடுக்காகப் பின்னுவது எளிதான காரியமில்லை. ஹாஃப்லர் டைனாகோவுக்கு முன்பே டிரான்ஸ்ஃபார்மர் தொழிலில் இருந்தவர். ஏ-470 என்ற அந்த வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரை இன்று புதிதாகச் செய்துவாங்கப் போனால் அதன் அருமை விலையில் தெரியும்.

இனி இனிமைக்கு வருவோம். இதற்குச் சொல்லப்படும் காரணம் எல்லோருக்கும் மனப்பாடம்: வால்வு இரட்டைப்படை ஹார்மோனிக்கைச் சேர்க்கிறது, டிரான்சிஸ்டர் ஒற்றைப்படையைச் சேர்க்கிறது. இரண்டாவது ஹார்மோனிக் என்பது மேல் ஷட்ஜம். ஆகவே அது சுருதியோடு சேரும், காதுக்கு இதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மூன்று இடங்களில் இது உடைகிறது.

முதலாவது, ஸ்டீரியோ 70 ஒரு புஷ்-புல் ஆம்பிளிஃபயர். சேனலுக்கு இரண்டு இஎல்34 எதிரெதிராக வேலை செய்கின்றன. இந்த அமைப்பில் வெளியீட்டு வால்வுகள் உண்டாக்கும் இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் டிரான்ஸ்ஃபார்மரிலேயே ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவதில் மூன்றாவது ஹார்மோனிக்தான் முக்கியம். அதாவது புகழுக்குக் காரணமாகச் சொல்லப்படும் பொருளை, வால்வு ஜோடி எவ்வளவு பொருத்தமாக இருக்கிறதோ அவ்வளவு முழுமையாக இந்தப் பெட்டி நீக்கிவிடுகிறது. இரண்டாவது உடைப்பு: மூன்றாவது ஹார்மோனிக் ஒன்றும் விரோதி இல்லை, அது பஞ்சமம். மூன்றாவது உடைப்புதான் முக்கியமானது. இந்தக் கணக்கெல்லாம் ஒற்றை ஸ்வரத்துக்குத்தான் பொருந்தும். இரண்டு ஸ்வரம் ஒரே நேரத்தில் வந்தால், சிதைவு அவற்றின் கூட்டலையும் கழித்தலையும் புதிய ஒலிகளாகப் பெற்றுப்போடும். அவை எந்த ராகத்திலும் இருக்காது. தனித்த புல்லாங்குழலுக்கு மெருகூட்டும் சிதைவு, நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து முழங்கும்போது கலங்கல்தான்.

இரட்டைப்படை வாதத்துக்கு ஆதாரமாக ரஸல் ஹாம் 1973இல் ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டியின் இதழில் எழுதிய கட்டுரையை எடுத்துக்காட்டுவது வழக்கம். அவர் ஆராய்ந்தது ஒலிப்பதிவுக்கூட மைக் ப்ரீஆம்ப்கள் தாங்கும் எல்லையை மீறும்போது எப்படி நடந்துகொள்கின்றன என்பதை. வீட்டில் ஓரிரு வாட்டில் நிதானமாகப் பாடும் பெட்டிக்கு அதைச் சாட்சிக்கு அழைப்பது முறையில்லை.

அப்படியானால் காதுக்குத் தெரியும் வித்தியாசம் முழுக்கப் பிரமையா? அதுவும் இல்லை. அளக்கக்கூடிய ஒரு காரணம் இருக்கிறது. அது வால்வுக்குள் இல்லை, ஸ்பீக்கரோடு கொள்ளும் உறவில் இருக்கிறது. எட்டு ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் எல்லா ஸ்வரத்துக்கும் எட்டு ஓமாக இருப்பதில்லை. ஓரிடத்தில் 4க்கு இறங்கும். இன்னோரிடத்தில் 24க்கு ஏறும். ஆம்பிளிஃபயரின் உள்மின்தடை அதிகமாக இருந்தால், ஸ்பீக்கர் மின்தடை ஏறும் இடங்களில் ஒலியும் கொஞ்சம் ஏறும். ஸ்டீரியோ 70இன் டேம்பிங் ஃபேக்டர் சுமார் 15. அதாவது எட்டு ஓம் முனையில் உள்மின்தடை அரை ஓம் அளவு. மேலே சொன்ன ஸ்பீக்கரில் அது உண்டாக்கும் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 0.9 டெசிபல். ஃபீட்பேக் (வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளே திருப்பிப் பிழை திருத்தும் முறை) இல்லாத, ஒற்றை வால்வில் ஓடும் 300பி வகைப் பெட்டியில் உள்மின்தடை 3 ஓம் என்று வைத்தால் ஏற்ற இறக்கம் 3.8 டெசிபல். நல்ல டிரான்சிஸ்டர் பெட்டியில் 0.05 ஓம், ஏற்ற இறக்கம் 0.1 டெசிபலுக்குள்.

இந்த மூன்று எண்களில் விவாதத்தின் பாதி முடிந்துவிடுகிறது. 3.8 டெசிபல் என்பது டோன் கண்ட்ரோலைத் திருகியதற்குச் சமம், யாருக்கும் கேட்கும். 0.9 என்பது மெல்லிய சாயல். கூர்ந்து கேட்பவருக்குத் தெரியலாம். பல ஸ்பீக்கர்களில் மின்தடை ஏறும் இடம் குரல் வாழும் நடுப்பகுதியை ஒட்டி அமைவதால், ‘பாடகர் முன்னால் வந்து நிற்கிறார்’ என்ற அனுபவத்துக்கு உண்மையான அடிப்படை இருக்கிறது. ஆனால் ஸ்பீக்கரை மாற்றினால் இந்தச் சாயலும் மாறும். நண்பர் வீட்டில் கேட்டு மயங்கி வாங்கிவந்த பெட்டி தம் வீட்டில் சப்பென்று இருப்பதாகப் பலர் புலம்புவது இதனால்தான்.

இதற்கு ஒரு நேரடிச் சோதனையும் நடந்திருக்கிறது. 1985இல் பாப் கார்வர் என்ற வடிவமைப்பாளர், எந்த விலையுயர்ந்த ஆம்பிளிஃபயரின் ஒலியையும் தம் மலிவான டிரான்சிஸ்டர் பெட்டியில் கொண்டுவந்து காட்டுவதாக ‘ஸ்டீரியோஃபைல்’ இதழுக்குச் சவால் விட்டார். இதழாசிரியர்கள் தாங்கள் மிக உயர்வாக மதித்த ஒரு வால்வு ஆம்பிளிஃபயரைக் கொடுத்தார்கள். இரண்டின் வெளியீட்டையும் ஒன்றுக்கொன்று கழித்து, மிச்சம் மறையும்வரை கார்வர் தம் பெட்டியின் மின்சுற்றைத் திருத்தினார். கடைசியில் இதழாசிரியர்களால் எது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. வால்வு ஒலி என்று ஒன்று உண்டு என்பதையும் இந்தச் சோதனை நிறுவியது. அது வால்வுக்கு மட்டும் சொந்தமானது இல்லை என்பதையும் சேர்த்தே நிறுவியது.

வால்வுக் கட்சி சொல்லும் இன்னொன்று, சக்தி எல்லையை மீறும்போது வால்வு ஒலியலையை முரட்டுத்தனமாக வெட்டாமல் வளைந்துகொடுக்கும் என்பது. இதற்குப் பாதி மதிப்பெண் கொடுக்கலாம். ஜிஇஸட்34 ரெக்டிஃபயர் வால்வு சுமை ஏறும்போது கொஞ்சம் தொய்வதால் மின்னழுத்தம் மெல்ல இறங்குகிறது. ஆனால் ஸ்டீரியோ 70இல் 20 டெசிபல் அளவுக்கு ஃபீட்பேக் இருக்கிறது. ஃபீட்பேக் ஏற ஏற வெட்டு கூர்மையாகிவிடும். தவிர, 88 டெசிபல் உணர்திறன் கொண்ட ஸ்பீக்கரில் 35 வாட் என்பது ஒரு மீட்டர் தூரத்தில் 103 டெசிபல். சாதாரண அறையில் அந்த எல்லையைத் தொடுபவர் குறைவு.

பிறகு நினைவின் பங்கு. இலங்கை வானொலியை வால்வு ரேடியோவில் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அந்தக் கனிந்த ஒலி மறக்காது. அதற்கு வால்வைக் காரணமாக்கிவிட்டோம். உண்மையில் ஏஎம் ஒலிபரப்பே உச்ச ஒலியை நறுக்கிவிட்டுத்தான் அனுப்பும். மீதியை மரப்பெட்டியும் பெரிய காகிதக் கூம்பும் செய்தன. ஸ்டீரியோ 70 அந்த ரேடியோவின் உறவினர் இல்லை. ஒழுங்காகப் புதுப்பிக்கப்பட்ட ஒன்று உச்ச ஒலியைத் தெளிவாகவே தரும். பழைய ரேடியோவை எதிர்பார்த்து வருபவர் ஏமாந்துதான் போவார். செய்தவருக்கு அது வெற்றி.

எண்ணை விடுங்கள், எனக்குப் பிடிக்கிறது, அது போதாதா என்று கேட்பவருக்குச் சொல்ல வேண்டியது: போதும். வால்வு சூடேறும்வரை காத்திருந்து, வேறு வேலையில்லாமல் உட்கார்ந்து ஒரு இசைத்தட்டு முழுவதையும் கேட்பது உண்மையான இன்பம். அந்த இன்பம் பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் காரணத்தைத் தவறாகப் புரிந்துகொண்டால் பணம் தவறான இடத்துக்குப் போகும். முல்லார்ட், டங்-சால், கோல்ட் லயன் என்ற பழைய பெயர்களோடு இன்று விற்கும் புது வால்வுகள் ரஷ்யாவின் சராடோவ் நகரில் செய்யப்படுகின்றன. பெயர் மட்டும்தான் பழையது. ஸ்லோவாக்கியாவிலும் சீனாவிலும் ஆலைகள் இருக்கின்றன. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்ய வரத்து சில காலம் தடுமாறி, வால்வு வாங்குபவர்கள் உலகெங்கும் திண்டாடினார்கள். சில ஆயிரம் மணி நேரத்துக்கு ஒருமுறை வால்வு மாற்ற வேண்டிய கருவியை வாங்குபவர் இதையும் யோசிக்க வேண்டும்.

நம் பக்கத்து வாசகருக்கு இரண்டு கணக்கு கூடுதலாக உண்டு. ஒன்று, சூடு. நான்கு இஎல்34இன் இழை மட்டும் 38 வாட் இழுக்கும். ஆளுக்கு 50 மில்லியாம்பியர் வீதம் நானூறு சொச்சம் வோல்ட்டில் ஓடுவது 80 வாட்டுக்கு மேல். மற்றதையும் சேர்த்தால், பாடினாலும் பாடாவிட்டாலும் 150 வாட்டை ஒட்டிய சூடு அறைக்குள் இறங்கும். சென்னையின் மே மாதத்தில் இதற்கு ஏசியின் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, மின்சாரம். அமெரிக்கப் பெட்டி 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்யப்பட்டது; அதன் பவர் டிரான்ஸ்ஃபார்மர் சொந்த ஊரிலேயே சூடாக ஓடுவதற்குப் பேர்போனது. இங்கே ஸ்டெப்-டவுன் வைத்து 110 வோல்ட்டுக்கு இறக்கினாலும் 50 ஹெர்ட்ஸில் இரும்பு கூடுதலாகத் திணறும். அதே காந்தச் சுமை வேண்டுமென்றால் சுமார் 97 வோல்ட்தான் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் வால்வுகள் பட்டினி கிடக்கும். 230 வோல்ட்டுக்கு வேறு டிரான்ஸ்ஃபார்மர் காயில் கட்டிப் போடுவதுதான் முறையான வழி. இந்த ஒரு காரணத்துக்காகவே, நம் மின்சாரத்தை ஒத்த ஊரில் பிறந்த குவாட் II, 1958இன் லீக் ஸ்டீரியோ 20 போன்ற பிரிட்டிஷ் பெட்டிகள் இங்கே கூடுதல் பொருத்தம்.

எல்லாவற்றையும் தட்டில் வைத்தால் எடை எந்தப் பக்கம் சாய்கிறது? உண்மையான ஒலி மட்டும்தான் வேண்டும் என்பவருக்கு இன்று கையகல கிளாஸ்-டி பெட்டி போதும். விலையும் குறைவு, சிதைவும் குறைவு, சூடும் இல்லை. ஆனால் அந்தப் பெட்டியோ, பல வசதிகள் நிறைந்த ஏவி ரிசீவரோ ஒரு சிப் போனால் குப்பைக்குப் போகும். ஸ்டீரியோ 70இன் முழு மின்சுற்றும் வாங்கியவர் கையிலேயே கொடுக்கப்பட்டது. வால்வு ஜோடியின் பயாஸ் சரியா என்று பார்க்க, முன்பக்க சாக்கெட்டில் மீட்டரை வைத்து 1.56 வோல்ட் வரும்வரை ஒரு திருகைத் திருப்பினால் போதும். புதிய டார்ச் பேட்டரி காட்டும் அளவும் ஏறக்குறைய அதுவே. மலிவான மீட்டரைச் சரிபார்க்கக் கடைப் பேட்டரியே துணை. இரண்டு வால்வுக்கும் ஒரே திருகு என்பது குறைதான். ஜோடி பொருந்தாவிட்டால் தனித்தனியாகச் சரிசெய்ய வழியில்லை. ஆனாலும் பயனர் தானே பராமரிக்க முடிய வேண்டும் என்று யோசித்துச் செய்த கருவி அது.

என் தீர்ப்பு இதுதான். புதுப்பித்த ஸ்டீரியோ 70, பொருத்தமான ஸ்பீக்கரோடு மிதமான ஒலியில், செய்தவர்கள் வைத்த தேர்வில் இன்றும் தேறுகிறது. தன் குரலை அதிகம் நுழைப்பதில்லை. இன்றைய நல்ல கருவியை அது வெல்லவில்லை. வெல்வதாகச் சொல்லும் இனிமை வாதத்தை நான் தள்ளுபடி செய்கிறேன். அதன் உண்மையான மேன்மை ஆயுளிலும் பழுது நீக்கக்கூடிய வடிவமைப்பிலும் இருக்கிறது. ஆகவே வாங்குபவர் முதலில் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் இரண்டும் நல்ல நிலையில் இருக்கின்றனவா என்று பார்க்கட்டும். கண்டன்சர், ரெக்டிஃபயர், போர்டு ஆகியவற்றைப் பாதுகாப்புக்காகத் தரமான சாதாரணப் பாகங்களால் மாற்றட்டும். பொருந்திய புது வால்வு ஜோடி போடட்டும். மின்தடை அதிகம் அலைபாயாத ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்கட்டும். இவற்றுக்கு ஆகும் செலவு நியாயமானது. ‘ஒலியின் இனிமைக்காக’ என்று அதற்கு மேல் கேட்கப்படும் எந்தத் தொகையும் நியாயமானது இல்லை.